மெல்ல நகரும் சொற்கள்

உரைநடை உலகம்

நுழையும்முன்

சொல்லுக்குப் பொருள் உண்டு, எடையும் உண்டு. பொருளை அகராதி தரும். எடையை வழக்கே தரும். மெல்ல நகர்வதையும் இலக்கின்றி நகர்வதையும் குறிக்கத் தமிழில் பல வினைச்சொற்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர், நகர்பவரைப் பற்றிய தம் தீர்ப்பையும் உடன் சொல்லிவிடுகிறார். அத்தீர்ப்பு சில வேளைகளில் பிழையாவதும் உண்டு. செங்கல்பட்டு, மாமல்லபுரக் கடற்கரைப் பகுதிகளை நிலைக்களமாகக் கொண்டு அச்சொற்களை ஆராய்கிறது இப்பாடம்.

பார்வையும் சொல்லும்

செங்கல்பட்டுப் பகுதியின் வயல்வெளிகளிலும் முட்புதர்க் காடுகளிலும் ஒரு காட்சியைக் காணலாம். கையில் ஒரு கடப்பாரை. தோளில் ஒரு துணிப்பை. இருவரோ மூவரோ வரப்பின்மீது மெல்ல நடப்பர், நிற்பர், குனிந்து தரையைப் பார்ப்பர், வந்த வழியே சற்றுத் திரும்புவர், பிறகு வேறொரு பக்கம் செல்வர். சாலையில் விரையும் பேருந்தின் சன்னலோரத்தில் இருப்பவர் அக்காட்சியைக் கண்டால், "யாரோ சும்மா திரிகிறார்கள்" என்று சொல்லக்கூடும். கண்டது உண்மை, சொன்ன சொல் உண்மையா?

அவர்கள் இருளர் பழங்குடியினர். பாம்பின் தடத்தைத் தேடி நடப்பவர்கள். அவர்களின் நடைக்குத் 'திரிதல்' என்னும் சொல் பொருந்துமா, 'அலைதல்' பொருந்துமா, இரண்டும் பொருந்தாவா என்னும் வினாவுக்கு விடை காண, மெல்ல நகர்தலைக் குறிக்கும் சொற்களின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

ஒருபொருட் பலசொல்

ஒரு சொல் பல பொருளுக்கு உரியதாதலும், பல சொல் ஒரு பொருளுக்கு உரியதாதலும் தமிழ் இலக்கண ஆசிரியர் நன்கறிந்த செய்திகள். தொல்காப்பிய உரியியல் இவ்விரு நிலைகளையும் எடுத்துரைக்கிறது. பின்னர்த் தோன்றிய திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் ஒருபொருள் குறித்த பல பெயர்களைத் தொகுத்துத் தந்தன. மனப்பாடம் செய்து சொல்வளம் பெருக்க அவை பெரிதும் உதவின.

எனினும், ஒரே வரிசையில் நிற்கும் சொற்கள் அனைத்தும் ஒரே இடத்தில் வழங்குவன அல்ல. 'குழந்தை தவழ்கிறது' என்பது வழக்கு. 'குழந்தை ஊர்கிறது' என்று தாய் ஒருத்தி சொல்வதில்லை. 'மாலையில் பூங்காவில் உலவினார்' என்பதற்கும் 'மாலையில் பூங்காவில் அலைந்தார்' என்பதற்கும் இடையே பெருந்தொலைவு உண்டு. நடந்த இடம் ஒன்று, நேரம் ஒன்று, வேகமும் ஒன்று. வேறுபட்டவை நடந்தவரின் மனநிலையும் சொல்பவரின் கருத்துமே.

ஆகவே, இத்தகைய சொற்களை மூன்று வினாக்களால் வேறுபடுத்தலாம். நகர்வது எது? எதன்பொருட்டு நகர்கிறது? அதைச் சொல்பவர் எவ்வாறு மதிக்கிறார்?

ஊர்தலும் தவழ்தலும்

முதல் வினாவுக்கு விடை தரும் சொற்கள் ஊர்தல், தவழ்தல் ஆகியன. உடல் தரையை ஒட்ட நகர்வது ஊர்தல். எறும்பு ஊரும், நத்தை ஊரும், பாம்பு ஊரும். இதனாலேயே பாம்பு, பல்லி, ஆமை, முதலை ஆகியவற்றை உள்ளடக்கிய உயிரினப் பிரிவுக்கு 'ஊர்வன' எனத் தமிழில் பெயரிட்டனர். மாமல்லபுரக் கடற்கரையில் ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி பறித்து முட்டையிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன. நீரில் நீந்தும் ஆமை, மணலில் ஊர்கிறது. உயிர் ஒன்று, இடம் மாறியதும் வினைச்சொல்லும் மாறியது.

ஊர்தல் என்பதற்கு ஏறிச் செலுத்துதல் என்னும் பொருளும் உண்டு. 'ஊர்தி' என்னும் பெயர் அப்பொருளில் பிறந்தது. மிக மெதுவான நகர்வைக் குறிக்கும் சொல்லே இன்று விரைந்து செல்லும் வாகனத்துக்கும் பெயராகி இருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தவழ்தல் என்னும் சொல்லில் மென்மையும் பரிவும் கலந்துள்ளன. கையும் முழங்காலும் ஊன்றிக் குழந்தை தவழ்கிறது. மலைமீது மேகம் தவழ்கிறது; முகத்தில் புன்னகை தவழ்கிறது. வெறுக்கத்தக்க ஒன்றுக்கு இச்சொல்லை எவரும் ஆள்வதில்லை. தவழும் குழந்தை எழுந்து, விழுந்து, மீண்டும் எழுந்து நடப்பது தளர்நடை. குழந்தையின் ஒவ்வொரு வளர்நிலையையும் தனித்தனிப் பருவமாகக் கண்டு பாடிய பிள்ளைத்தமிழ், 'வருகை' என்னும் பருவத்தில் நடைபயிலும் குழந்தையை வருகவென அழைக்கிறது. இலக்கின்றி நடக்கும் நடையையும் இலக்கியமாக்கிய மரபு இது.

அசைதலும் ஓடுதலும்

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என வழங்கும் பெரும்பாறைச் சிற்பத்தில் யானைகள் தம் கன்றுகளோடு நிற்கின்றன. பாறையின் நடுவே உள்ள பிளவில் நாகர்கள் கைகூப்பி மேல்நோக்கி எழுகின்றனர். யானையின் நடையைத் தமிழர் 'அசைதல்' என்று சொல்வர். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பது பழமொழி. அசைதலில் பருமை உண்டு, அவசரம் இல்லை.

தேரும் அசைந்தே வருகிறது. வடம் பிடித்து இழுக்க, முட்டுக்கட்டை இட்டுத் திருப்ப, ஒரு வீதியைக் கடக்க நெடுநேரம் ஆகிறது. ஆயினும் அவ்விழாவுக்குத் தமிழர் இட்ட பெயர் தேரோட்டம். நின்று நின்று நகர்வதை 'ஓட்டம்' என்று சொல்வது முரண்போலத் தோன்றும். தேர் சென்றுசேரும் நிலையும் சுற்றிவரும் வழியும் ஊரார் அனைவரும் அறிந்தவை. நோக்கம் தெளிவாக இருப்பதால், மெதுவான நகர்வும் ஓட்டம் என்னும் சிறப்பைப் பெற்றது எனலாம்.

உலவுதல்

இரண்டாம் வினாவுக்கு விடை தரும் சொல் உலவுதல். போய்ச்சேர இடம் இல்லை. போவதே இன்பம் என்னும் நிலையில் நடப்பது அது. செங்கல்பட்டுக் கொளவாய் ஏரிப்பக்கம் மாலைக்காற்று வாங்க நடப்பவர் உலவுகின்றனர். பேச்சுவழக்கில் 'காலாற நடந்துவிட்டு வந்தேன்' என்பர். நடந்தால் கால் வலிக்கும் என்பதே பொது அறிவு. நடந்து கால் ஆறுகிறது என்று சொல்லும் தமிழ் வழக்கு, உலவுதலின் இயல்பை இரு சொற்களில் விளக்கிவிடுகிறது.

உலவுதலுக்கு உரியவரை உயர்த்திக் காட்டும் ஆற்றலும் உண்டு. தலைவனோ இறைவனோ வீதியில் பவனி வருவதைப் பாடும் சிற்றிலக்கியம் 'உலா' எனப்பட்டது. சேரமான் பெருமாள் நாயனார் இயற்றிய திருக்கைலாய ஞான உலா, ஆதியுலா என்றும் போற்றப்படுகிறது. ஒட்டக்கூத்தர் சோழர் மூவர்மீது மூவருலா பாடினார். இக்காலத்தில் மாமல்லபுரத்துக்கு வருவோர் மேற்கொள்வது சுற்றுலா. 'ஊர் சுற்றுகிறான்' என்பது பழிச்சொல். அதனோடு 'உலா' சேர்ந்தவுடன் 'சுற்றுலா' என்னும் மதிப்புமிக்க சொல் பிறந்துவிடுகிறது. ஒருவர் பயணச்சீட்டு வாங்கிச் சுற்றினால் சுற்றுலா. கையில் காசின்றிச் சுற்றினால் ஊர்சுற்றல். வேறுபாடு கால்களில் இல்லை.

அலைதலும் திரிதலும்

மூன்றாம் வினா இச்சொற்களில் கூர்மை பெறுகிறது. கடலில் எழுந்து விழுவது அலை. ஓய்வின்றி அங்குமிங்கும் செல்வது அலைதல். ஒரு சான்றிதழுக்காகப் பலமுறை நடந்தவர் 'அலைந்தேன்' என்கிறார். வேலைக்காக அலைதல், தண்ணீருக்காக அலைதல் என்னும் தொடர்களில் நோக்கம் உண்டு. நிறைவேற்றம் மட்டும் இல்லை. ஆகவே அலைதல் என்பது துன்பம் தோய்ந்த சொல். அதிலிருந்து அலைச்சல், அலைக்கழிப்பு ஆகிய சொற்கள் பிறந்தன.

திரிதல் இதனின் வேறு. அதில் நோக்கமின்மையைப் பார்ப்பவர் ஏற்றிச் சொல்கிறார். 'வெயிலில் அலைகிறான்' என்பதில் இரக்கம் இருக்கிறது. 'வெயிலில் திரிகிறான்' என்பதில் கண்டிப்பு இருக்கிறது. திரிதல் என்பதற்கு வேறுபடுதல் என்னும் பொருளும் உண்டு. பால் திரிந்தது என்பது உலக வழக்கு. புணர்ச்சி விகாரங்கள் மூன்றனுள் ஒன்று திரிதல். இயல்புநிலை மாறிய சொல் திரிசொல். நிலைமாறுதலும் நிலையாக ஓரிடத்தில் இராமையும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதால், 'திரிபவர்' என்றவுடன் 'நிலையற்றவர்' என்னும் எண்ணமும் கேட்பவர் மனத்தில் எழுகிறது.

மேய்தல் கால்நடைக்கு உரிய சொல். அது மனிதருக்கு ஆளப்படும்போது ஏளனமாகிறது. வலசை போதல் பறவைக்கு உரியது. வேடந்தாங்கலுக்குப் பருவந்தோறும் வரும் பறவைகளை 'அலைந்து திரியும் பறவைகள்' என்று சொல்வது பிழை. அவை வரும் பருவம் உண்டு. திரும்பும் பருவமும் உண்டு. அந்த ஒழுங்கை அறிந்தே தமிழ் அதற்குத் தனிச்சொல் தந்தது.

தெரிந்து தெளிவோம்

அலைதல் – தன்வினை. அலைத்தல் – பிறவினை. அலைபவர் துன்பம் உறுபவர். அலைப்பவர் துன்பம் செய்பவர். வழிச்செல்வோரைத் துன்புறுத்திப் பொருள் பறிப்போரைப் பழந்தமிழர் 'ஆறலைகள்வர்' என்றனர். ஆறு – வழி. அலைத்தல் – வருத்துதல். ஓர் ஒற்று மிகுவதால் துன்புறுபவர் துன்புறுத்துபவர் ஆகிவிடுகிறார்.

பிறமொழிகளில்

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்திலும் மெல்ல நகர்வதற்குப் பல வினைகள் உண்டு. மகிழ்ச்சியாக உலவுவது 'ஸ்ட்ரோல்'. இலக்கின்றி அலைவது 'வாண்டர்'. காரணமின்றி ஓரிடத்தில் சுற்றி நிற்பது 'லாய்ட்டர்'. முதற்சொல் பூங்காவுக்கு உரியது. கடைசிச்சொல் காவல்துறையின் ஏட்டுக்கு உரியது. இங்கிலாந்தில் 1824இல் இயற்றப்பட்ட நாடோடிகள் சட்டம், ஐயத்துக்குரியவர் பொது இடங்களில் அவ்வாறு நிற்பதையே தண்டனைக்கு உரியதாக்கியது.

வளைந்து வளைந்து செல்வதைக் குறிக்கும் 'மியாண்டர்' என்னும் ஆங்கிலச்சொல், இன்றைய துருக்கியில் பாயும் ஓர் ஆற்றின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது. கோளைக் குறிக்கும் 'பிளானட்' என்னும் சொல்லுக்குக் கிரேக்க மொழியில் 'அலைபவர்' என்பது பொருள். விண்மீன்கள் தத்தம் இடம் மாறாதிருக்க, கோள்கள் மட்டும் முன்னும் பின்னும் செல்வதாகத் தோன்றியதால் அப்பெயர் ஏற்பட்டது. கோள்கள் நீள்வட்டப் பாதையில் செல்கின்றன என்பதை 1609இல் கெப்ளர் வெளியிட்டார். கோள்கள் ஒருநாளும் அலைந்ததில்லை. அவற்றுக்குப் பாதை இருந்தது; பார்த்தவருக்குத்தான் தெரியவில்லை. 'அலைதல்' என்று ஒருவர் சொல்லும்போது, அது பல நேரங்களில் நகர்வதன் இயல்பைக் காட்டாமல், பார்ப்பவரின் அறியாமையைக் காட்டுகிறது.

சொல் சட்டமானபோது

அறியாமையால் சொல்லும் சொல், அதிகாரம் உடையவரின் வாயிலிருந்து வந்தால் என்னாகும் என்பதற்கு வரலாறு சான்று தருகிறது. 1871இல் ஆங்கில அரசு குற்றப்பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. 1911இல் செய்யப்பட்ட சட்டத்தின் வழியே அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஓரிடத்தில் தங்கி வாழ்ந்தோரும் அச்சட்டத்துக்கு ஆளாயினர்; நிலையான இருப்பிடமின்றி ஊர்விட்டு ஊர் சென்ற கூட்டத்தார் சிறப்பாக ஐயத்துக்கு உள்ளாயினர். தனிமனிதர் செய்த குற்றத்தை விட்டு, பிறந்த குலத்தையே குற்றமாக்கியது அச்சட்டம். பதிவு செய்யப்பட்டோர் காவலரிடம் தம் இருப்பைத் தெரிவிக்கவும் கைரேகை இடவும் நேர்ந்தது.

இவர்களுள் உப்பையும் தானியத்தையும் மாடுகளின்மீது பொதியேற்றி ஊர்தோறும் விற்றுவந்த குறவர் கூட்டத்தாரும் இருந்தனர். உப்பு வணிகரைச் சங்க இலக்கியம் 'உமணர்' என்று தொழிற்பெயர் இட்டு வழங்கியது. அவர்தம் வண்டி வரிசையும் நெடும்பயணமும் பாடல்பெற்றன. அதேபோன்ற பயணத்தைப் பின்னாளில் ஆட்சியாளர் 'அலைதல்' என்று கண்டனர். வணிகர் என்னும் பெயர் மறைந்தது. நாடோடி என்னும் பெயர் நிலைத்தது. அலைபவரை ஆறலைப்பவராகக் கருதிய பிழை இது.

சென்னை மாகாணத்தில் 1947இல் இச்சட்டம் நீக்கப்பட்டது. 1952இல் நாடு முழுவதும் நீங்கியது. அச்சட்டத்தால் குறியிடப்பட்ட சமூகத்தினர் தமிழ்நாட்டில் இன்று 'சீர்மரபினர்' எனப்படுகின்றனர். ஒரு பழிச்சொல்லை நீக்கிவிட்டு அதன் இடத்தில் மதிப்புடைய சொல்லை வைத்தல், நீதியின் முதற்படியாகும்.

தேடி நடந்தவர்கள்

வரப்பின்மீது மெல்ல நடந்த இருளரிடம் இனித் திரும்பலாம். பாம்புத்தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடிப்பது ஒருகாலத்தில் அவர்களுள் பலருக்கு வாழ்வாதாரமாக இருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப்பின் அவ்வணிகம் தடைப்பட்டது. காட்டின் காவலுக்குச் சட்டம் தேவைப்பட்டது. காட்டை நம்பியோர்க்கு மாற்றுத்தொழிலும் தேவைப்பட்டது. பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கர் துணைநிற்க, 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்கிவருகிறது.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளைச் சங்கத்தினர் உரிய இசைவுபெற்றுப் பிடிக்கின்றனர். அவற்றை மண்பானைகளில் வைத்து, வாயைத் துணியால் கட்டிக் காக்கின்றனர். சில வாரங்கள் வைத்திருந்து நஞ்செடுத்தபின், மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து நச்சுமுறிவு மருந்து செய்கின்றனர். பாம்பு கடித்த உழவர் ஒருவர் மருத்துவமனையில் உயிர்பிழைக்கிறார் எனில், அம்மருந்தின் தொடக்கம் வரப்பில் மெல்ல நடந்த ஒருவரின் காலடியில் இருக்கக்கூடும்.

அந்நடையில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் காரணம் உண்டு. மணலில் படிந்த மெல்லிய தடம், முள்ளில் சிக்கிய பாம்புச்சட்டை, எலிவளையின் வாயில் தேய்ந்த மண், உலர்ந்த எச்சம் ஆகியவை அவர்கள் படிக்கும் எழுத்துகள். விரைந்து நடப்பவர் கண்ணுக்கு இவ்வெழுத்துகள் புலப்படா. மெதுவாக நடப்பது இங்குச் சோம்பல் ஆகாது, அதுவே தொழில்நுட்பம்.

அந்நுட்பத்தின் ஆற்றலை உலகம் 2017இல் கண்டது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், எவர்கிளேட்ஸ் என்னும் சதுப்புநிலப் பரப்பில், பர்மிய மலைப்பாம்புகள் அயலினமாகப் பெருகி அங்குள்ள சிற்றுயிர்களை அழித்துவந்தன. 2016இல் நடந்த பிடிப்புப் போட்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவுசெய்தனர். ஒரு மாதத்தில் 106 பாம்புகள் பிடிபட்டன. மறு ஆண்டு தொடக்கத்தில் செங்கல்பட்டுப் பகுதி இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரும் அங்கு அழைக்கப்பட்டனர். சாலையையும் கரைமேட்டையும் நம்பித் தேடுவதே அங்குள்ளோர் வழக்கம். இவர்களோ நேரே புதருக்குள் நடந்தனர். இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தனர். அவற்றுள் ஒன்று 16 அடி நீளமுடைய பெண்பாம்பு. 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

நிலமும் புதிது, மொழியும் புதிது, பாம்பினமும் புதிது. மாறாதது நடை ஒன்றே. பேருந்துப் பயணி 'திரிதல்' என்று சொல்லக்கூடிய அதே நடை!

சொல்லின் பொறுப்பு

பாடத்தின் தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை இப்போது தெளிவு. இருளர் திரியவில்லை, அலையவுமில்லை. அவர்கள் தேடுகின்றனர். 'தேடுதல்' என்னும் சொல் வேகத்தைச் சொல்வதில்லை; நோக்கத்தைச் சொல்கிறது. அச்சொல்லைச் சொல்வதற்குப் பேருந்திலிருந்து பார்ப்பது போதாது, சற்று இறங்கிச்சென்று, "என்ன பார்க்கிறீர்கள் ஐயா?" என்று கேட்க வேண்டும்.

சொல்வளம் என்பது பல சொற்களை அறிந்திருத்தல் மட்டுமன்று. தவழ்வதைத் தவழ்தல் என்றும், உலவுவதை உலவுதல் என்றும், தேடுவதைத் தேடுதல் என்றும் அறிந்து சொல்லும் நேர்மையும் அதில் அடங்கும். ஒருவரைக் குறித்து ஒரு வினைச்சொல்லை ஆளுமுன், அவர் எங்கிருந்து வருகிறார், எதன்பொருட்டு நடக்கிறார் என்று அறிந்துகொள்பவரே மொழியைப் பழுதறக் கற்றவர் ஆவார்.

இலக்கணக் குறிப்பு

அலைகடல், தளர்நடை – வினைத்தொகைகள்
ஊர்வன – வினையாலணையும் பெயர்
தேடித்தேடி – அடுக்குத்தொடர்

பகுபத உறுப்பிலக்கணம்

திரிந்தனர் – திரி + த்(ந்) + த் + அன் + அர்
திரி – பகுதி. த் – சந்தி, 'ந்' ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நடையைக் குறிக்க வழங்கும் சொற்களையும் தொடர்களையும் முதியோரிடம் கேட்டுத் தொகுக்க. ஒவ்வொன்றும் யாருக்கு, எந்தச் சூழலில் ஆளப்படுகிறது எனக் குறிப்பெழுதுக.
2. ஒரு நாளிதழ்ச் செய்தியைத் தேர்ந்து, மனிதரின் நடமாட்டத்தைக் குறிக்கும் வினைச்சொற்களை அடிக்கோடிடுக. ஒரு சொல்லை மாற்றினால் செய்தியின் நடுநிலை எவ்வாறு மாறுகிறது என வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. 'அலைதல்' என்பதன் பிறவினை வடிவம் எது?
அ) அலைச்சல் ஆ) அலைத்தல் இ) அலைகடல் ஈ) அலைந்து

2. பறவைகள் பருவந்தோறும் இடம்பெயர்வதைக் குறிக்கும் தொடர் எது?
அ) காலாற நடத்தல் ஆ) ஊர் சுற்றுதல் இ) வலசை போதல் ஈ) பவனி வருதல்

குறுவினா

1. 'பிளானட்' என்னும் சொல்லின் மூலப்பொருள் யாது? அப்பெயர் ஏற்படக் காரணம் என்ன?
2. ஆறலைகள்வர் – சொற்பொருள் விளக்குக.

சிறுவினா

1. மெதுவாக நகரும் தேரின் விழாவைத் 'தேரோட்டம்' எனக் கூறுவதன் பொருத்தத்தைப் புலப்படுத்துக.
2. 'அலைதல்', 'திரிதல்' ஆகிய சொற்களின் பொருள் வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் எழுதுக.

நெடுவினா

'வினைச்சொல்லைத் தேர்வதும் ஒரு தீர்ப்பே' – குற்றப்பரம்பரைச் சட்டத்தையும் இருளர் வாழ்வையும் சான்றாகக் கொண்டு விளக்குக.